ஆண் மார்பகப் பெருக்கம்: கத்திக்கு முன்னும் கத்திக்குப் பின்னும் செய்ய வேண்டியவை

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைமுழுகும்போது, என் அக்காள் மகன் மட்டும் கரையில் எல்லோருடைய துணிமணிகளுக்கும் காவல் நின்றுகொண்டிருப்பான். கேட்டால் சளி என்பான், அடுத்த ஆண்டு காதுவலி என்பான். இருபத்திரண்டாம் வயதில்தான், அதுவும் இருட்டிய பிறகு மொட்டை மாடியில், தன் மார்பு பெண்களுக்கு இருப்பதைப்போல் மேடிட்டிருப்பதைச் சொன்னான். அதற்குப் பிறகு புதுச்சேரியில் அவனுக்கு அறுவை சிகிச்சை நடந்து முடியும்வரை உடனிருந்தவன் நான். மருத்துவன் அல்லன், ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பது தெரியாமல் பணத்தையும் மாதங்களையும் தொலைத்தவர்கள் சிலரை அந்த அலைச்சலில் பார்த்துவிட்டதால், அந்த வரிசையை எழுதிவைக்க நினைக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மேடாக இருப்பது சுரப்பியா, வெறும் கொழுப்பா என்பது. மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்கிக்கொண்டு வர வேண்டும். விரல்கள் தடையின்றி ஒன்றையொன்று நெருங்கினால் அது பெரும்பாலும் கொழுப்பு. காம்புக்கு நேர் அடியில் முற்றிய நுங்கைப்போல வட்டமாக, அழுத்தமாக, நழுவும் தன்மையோடு ஏதாவது தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. இதைத்தான் மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். இந்தச் சோதனை மருத்துவரின் கைக்கு மாற்று ஆகாது என்றாலும், பேச்சைத் தொடங்குவதற்குப் போதும். கொழுப்பு மட்டும் என்றால் உடல் எடை குறையும்போது மார்பும் குறையும். சுரப்பி என்றால் எத்தனை தண்டால் எடுத்தாலும் அது கரையாது. அடியில் உள்ள தசை பருத்து, சுரப்பியை இன்னும் முன்னுக்குத் தள்ளிக் காட்டுவதும் உண்டு. என் அக்காள் மகன் ஜிம்மில் ஓராண்டைச் செலவழித்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

வயதும் முக்கியம். பருவ வயதுப் பையன்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கும் மேலோ சிறிதளவாவது இந்த வீக்கம் வருகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோருக்குத் தானாகவே வடிந்துவிடுகிறது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையை அறுவை சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பதினெட்டு வயது கடந்து, ஓராண்டுக்கு மேல் அளவு மாறாமல் நின்றுவிட்டது என்றால் அப்போது யோசிக்கலாம். வலியோடு புதிதாகத் தொடங்கிய வீக்கத்துக்குச் சில மருத்துவர்கள் டாமாக்சிஃபென் மாத்திரையைச் சில மாதங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஓராண்டு கடந்து நார்த்திசுவாக இறுகிவிட்ட சுரப்பி மாத்திரைக்கு மசியாது.

காரணத்தைத் தேடாமல் அறுவை மேசையில் ஏறாதீர்கள்

என் கருத்தில் இந்தக் கட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது; அதிகம் பேர் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான். உடலில் பெண்மைக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனுக்கும் இடையில் இருக்க வேண்டிய விகிதம் குலைவதால்தான் ஆணின் மார்பில் சுரப்பி வளர்கிறது. குலைத்த காரணம் உள்ளேயே இருக்கும்போது வெளியே வெட்டி எடுப்பது, ஓடு உடைந்த கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போன்றது.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்தும் ஜிம் பவுடர் டப்பாவும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இதய நோய்க்கும் ஈரல் நோய்க்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடின், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைடு, பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன், காசநோய்க்கான ஐசோனியாசிட் ஆகியவை இந்த வீக்கத்தை உண்டாக்கக் கூடியவை. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாற்றுவதா வேண்டாமா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். அதை விடாமல் செய்துகொள்ளும் அறுவைக்குப் பிறகு வீக்கம் திரும்பி வர வாய்ப்புண்டு. குடிப் பழக்கத்தையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் மது மலிவு என்று ஆட்கள் பஸ் ஏறி வரும் வட்டாரம் நம்முடையது. ஈரல் சுருங்கிய ஆணுக்கு மார்பு பெருப்பது இங்குள்ள மருத்துவர்களுக்குப் புதிய காட்சி அல்ல.

இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ரடையால், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், எச்.சி.ஜி., தைராய்டு ஆகிய ஹார்மோன்களோடு ஈரல், சிறுநீரகச் செயல்பாடுகளையும் பார்ப்பார்கள். எல்லாம் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் விரைகளைத் தொட்டுப் பார்க்காத பரிசோதனை முழுமையான பரிசோதனை ஆகாது. விரையில் ஒரு கட்டி இருந்து, அது முதலில் மார்பில் தன்னைக் காட்டிக்கொள்வது அரிதாக நடக்கிறது. வெட்கப்பட்டு மறுத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும், காம்புக்கு நேராக இல்லாமல் ஓரமாக, கல்லைப்போல் கெட்டியாக இருந்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள் என்றாலும், அந்த ஒருவர் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்.

யாரிடம் போவது

கடலூர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியவர், அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் பொது அறுவை மருத்துவரோ, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோதான். உள்ளே வேறு காரணம் இல்லை, அறுவைதான் வழி என்று அவர் சொன்ன பிறகு பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் போகலாம். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று கூட்டம் நிற்கும் இடம் என்பதால், உயிருக்கு ஆபத்தில்லாத அறுவைக்குக் காத்திருக்க வேண்டிவரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் மருத்துவரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற உயர் அறுவைப் பட்டமோ அதற்கு இணையான பட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் முதலில் போனது ஓர் அழகுக் கிளினிக். கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பத்து நிமிடத்தில் தொகையைச் சொல்லி, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். வெளியே வந்ததும், "மாமா, சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லையே" என்றான் பையன். அந்த ஒரு வாக்கியம் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த இடத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளை நீங்களும் கேட்கலாம்: கத்தி வைப்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் முழுநேரமும் உடனிருப்பாரா, இரவில் இரத்தம் கசிந்தால் மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வசதி அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா, சொல்லும் தொகையில், அறுவைக்குப் பின் மார்பை இறுக்கிப் பிடிக்க அணியும் பிரஷர் பனியனும் எடுத்த திசுவைச் சோதிக்கும் பயாப்ஸியும் அடக்கமா, சரிசெய்ய இன்னோர் அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது.

மருத்துவக் காப்பீட்டில், தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பொதுவாகவே விலக்கு உண்டு. நோயின் பொருட்டு அறுவை அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அந்த விலக்கிலிருந்து தப்ப இடம் இருக்கிறது. ஆகவே அறுவைக்கு முன்பே விண்ணப்பித்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மேசையில் நடப்பது

வீக்கத்தின் அளவையும் தோலின் தொய்வையும் வைத்து முறை மாறுகிறது. 1973இல் சைமன் என்பவரும் அவருடைய சக மருத்துவர்களும் வகுத்த தரவரிசையைத்தான் பலரும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சிறிய வீக்கம் முதல் தரம்; நடுத்தர வீக்கத்தில் தோல் தொய்வு இல்லாததும் உள்ளதும் இரண்டாம் தரத்தின் இரு பிரிவுகள்; பெண்ணின் தளர்ந்த மார்பைப்போல் தொங்குவது மூன்றாம் தரம். முதல் மூன்று நிலைகளுக்குப் பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் சுரப்பி நீக்கமும் சேர்ந்தே போதும். கடைசி நிலைக்குத் தோலையும் குறைக்க வேண்டியிருப்பதால் தழும்பு பெரிதாகும்.

நிற்க வைத்துத்தான் மருத்துவர் மார்பில் மார்க்கரால் கோடு போடுவார். படுத்துவிட்டால் கொழுப்பு இடம் மாறிவிடும். பிறகு மயக்க மருந்து. உப்பு நீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த கரைசலைத் தோலுக்கடியில் செலுத்தி, இரத்தக் குழாய்கள் சுருங்கிய பிறகு, சிறு துளை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். சுரப்பி அந்தக் குழாய்க்குள் எளிதில் வராது. அதற்காகக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி வெட்டி எடுப்பார்கள்; வெப்ஸ்டர் 1946இல் எழுதிவைத்த கீறல் இது. கருந்தோலும் வெளிர்தோலும் சந்திக்கும் கோட்டில் தழும்பு ஒளிந்துகொள்வதால் இன்றும் வழக்கொழியவில்லை. ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"ஒட்ட எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பது பலருடைய வழக்கம். கேட்காதீர்கள். காம்புக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் திசுவை விட்டுவைக்காவிட்டால், பின்னால் காம்பு உள்வாங்கித் தட்டைப்போல் குழிந்துவிடும். மேட்டைக் குறைப்பதைவிடக் குழியை நிரப்புவது கடினம்.

அறுவைக்கு நான்கு வாரம் முன்பே பீடி, சிகரெட்டை நிறுத்திவிட வேண்டும். புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காம்பின் தோலையே அழியவைக்கக் கூடும். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்பு முடியை முதல் நாள் வீட்டில் ரேசரால் மழிக்க வேண்டாம்; கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே தொற்று நுழையும்.

வீடு திரும்பிய பிறகு

பலரையும் அன்று மாலையோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். ஆனால் கடலூரோ சிதம்பரமோ உங்கள் ஊர் என்றால் முதல் இரவைப் புதுச்சேரியிலேயே கழியுங்கள். இரத்தம் உள்ளே தேங்கும் சிக்கல் பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில்தான் வருகிறது: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, விறைத்து, வலி ஏறிக்கொண்டே போனால் காலைவரை காத்திருக்கக் கூடாது. என் அக்காள் மகனுக்கு இரு பக்கமும், உள்ளே தேங்குவதை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் இருந்தது. நான் ஒரு பழைய டைரியில் மணியையும் மில்லியையும் எழுதிக்கொண்டு வந்தேன். முதல் இரவு செம்பருத்திச் சாறுபோல் அடர்ந்திருந்தது, மறுநாள் மாலைக்குள் வெளிறிய மஞ்சளாகி அளவும் சுருங்கியது. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் குழாயை எடுத்தார்கள்.

பிரஷர் பனியனை நான்கு முதல் ஆறு வாரம்வரை, குளிக்கும் நேரம் தவிர, போட்டிருக்க வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் இது சிறு தண்டனைதான்; அக்கினி நட்சத்திரத்தில் அறுவையை வைத்துக்கொள்ளாமல் மார்கழி, தை மாதங்களைக் கேட்டு வாங்குங்கள். பனியன் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று. ஒரு வாரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகலாம். பைக் ஓட்டுவதும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் இரண்டு வாரம் தள்ளியே இருக்கட்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதும் உடற்பயிற்சியும் மருத்துவர் அனுமதிக்கும்வரை, அதாவது நான்கு முதல் ஆறு வாரம், கூடாது. காம்பில் மரப்பும் உள்ளே கரணை கரணையாகக் கெட்டியும் சில மாதம் இருக்கும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், தழும்பு மங்க ஓராண்டு.

எடுத்த திசு திசுநோய்ப் பரிசோதனைக்குப் போயிருக்கும். அந்த முடிவை நேரில் போய் வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என் அக்காள் மகனுடைய அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது, சுரப்பியும் நாருமாக, வேறு ஒன்றும் இல்லை. அவனுடைய இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட இன்னும் நூலளவு மேடாகத்தான் இருக்கிறது. ஆறாவது மாதம் பார்த்த மருத்துவர், வேண்டுமானால் சரிசெய்யலாம் என்றார். பையன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.