வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு சரிதானா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

காலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களில் நிறையப் பேர் கையில் இப்போது ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை அனுப்பியதாக இருக்கும், இல்லையென்றால் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. எத்தனை அடி நடந்தோம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. இதயம் துடிக்கிற மாதிரி படம் வரும் பாருங்கள், அந்தப் பக்கத்தில்தான் வம்பு. கதை பேசிக்கொண்டே மெதுவாக நடக்கிறவருக்கு 150 காட்டும். மூச்சிரைக்க ஓடி வந்தவருக்கு 88 காட்டும். முன்னவர் பயந்துபோய் நடையையே நிறுத்திவிடுகிறார். பின்னவர் தனக்கு நல்ல ஸ்டாமினா என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடுகிறார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம்.

வாட்ச் சொல்வது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். போனில் உள்ள டைமர், ஒரு துண்டுச் சீட்டு, பேனா இருந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலில், அது எப்படி அளக்கிறது?

வாட்சைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் தோலுக்கு அடியில் ரத்தம் கொஞ்சம் கூடும். அந்த நொடியில் திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறையும். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. வெளிச்சம் வேறு எந்தக் காரணத்தால் ஏறி இறங்கினாலும் அதையும் சேர்த்து எண்ணிவிட வாய்ப்பு உண்டு. கை வீசி நடக்கும்போது ஏற்படும் ஆட்டம், துடிப்பினால் வரும் மாற்றத்தைவிடப் பெரியது. பிரச்சினைகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

வாழைக்காயில் வாட்சைக் கட்டி "பாருங்க, வாழைக்காய்க்கும் இதயம் துடிக்குது" என்று வீடியோ போடுகிறார்கள். நல்ல வாட்சும் அப்படிக் காட்டலாம். எதில் பட்டாலும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். அதற்குள் ஒரு தாளத்தைத் தேடி எடுப்பதுதான் அதன் வேலை. அந்தச் சோதனையை வைத்து வாட்சின் தரத்தை எடைபோட முடியாது.

படி 1: நாடியை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். நமக்கு எண்ணிக்கை மட்டும் போதும், இரண்டு விரல் தாராளம். கட்டைவிரலால் பிடிக்கக்கூடாது; அதிலேயே துடிப்பு தெரியும் என்பதால் கணக்கு குழம்பும். அழுத்தினால் நாடி அமுங்கிக் காணாமல் போகும். லேசாக வைத்துக் காத்திருங்கள், தட்டுப்படும்.

உட்கார்ந்திருக்கும்போது முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சுலபம்தான், ஆனால் ஒரு துடிப்பை விட்டுவிட்டால் விடையில் நான்கு குறைந்துபோகும். நடந்து நின்ற உடனே அளக்கும்போது மட்டும் 15 விநாடிக் கணக்கு நல்லது. நின்றதுமே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும், ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் அது வேறு எண் ஆகியிருக்கும்.

எண்ணும்போது தாளம் ஒழுங்காக வராமல் விட்டுவிட்டு, முன்பின்னாக வருகிறது என்றால் வாட்ச் சோதனையை அங்கேயே நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்தின் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்தே சேராது. விரலும் குறைவாக எண்ணும், வாட்சும் குறைவாக எண்ணும்.

படி 2: வாட்சைச் சரியான இடத்தில் கட்டுங்கள்

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பு தெரிகிறதா? அந்த எலும்பின் மேலே கட்டவே கூடாது. அதைத் தாண்டி முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். நடக்கும்போதும் ஓடும்போதும் இன்னொரு விரல் அகலம் மேலே ஏற்றி, பட்டையில் ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள். கையை உதறினால் வாட்ச் நகரக்கூடாது. கழற்றினால் ஆழமான தழும்பும் இருக்கக்கூடாது. உடற்பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். கறுத்த தோலில் உள்ள மெலனினும் பச்சை ஒளியை விழுங்கும் என்பதால், நம் நிறத்துக்கு வாட்ச் தோலோடு ஒட்டியிருப்பது இன்னும் முக்கியம்.

அடுத்து, கையில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி வளையல் வாட்சைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; அந்தக் கைக்கு வளையலைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள். கோயிலில் கட்டிய கயிறு சென்சாருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் வாட்ச் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், இடைவெளியில் வெயில் வெளிச்சம் நுழையும். குளித்ததும் மணிக்கட்டில் மூன்று கோடு விபூதி இழுப்பவர்கள் வாட்சின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் துணியில் வெள்ளையாக ஒட்டும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. கண்ணாடி மங்கலாக இருந்தால் உள்ளே இருக்கும் சென்சாருக்கு என்ன தெரியும்? தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கட்டுங்கள். பச்சை குத்திய இடத்தில் கட்டாதீர்கள். அடர்ந்த மை ஒளியை மறித்துவிடும்.

நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை இன்னொரு தொல்லை. பட்டைக்கு அடியில் ஈரம் சேர்ந்து வாட்ச் வழுக்க ஆரம்பிக்கும். நடுவில் ஒரு தடவை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாலே எண் நிலைக்கு வந்துவிடுவதைப் பார்க்கலாம்.

படி 3: உட்கார்ந்து ஒரு சோதனை

காலையில், காபிக்கு முன்னால் செய்யுங்கள். டிகிரி காபி ஒரு டபராவை இறக்கிய கையோடு அளந்துவிட்டு வாட்சைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். வாட்ச் கட்டிய கை மடியில் கிடக்கட்டும். அந்தக் கை விரல்களால் நாடி பிடித்தால் தசைநார் அசைந்து சென்சாரைக் கலைக்கும். ஆகவே வீட்டில் ஒருவரை மறு கையில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் மறு கை விரலைக் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்ல வைத்து எண்ணலாம். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக்கூடாது, வயதானவர்கள் கழுத்துப் பக்கமே போக வேண்டாம்.

எண்ணி முடித்ததும் வாட்சைப் பார்த்து இரண்டு எண்ணையும் சீட்டில் எழுதுங்கள். இப்படி மூன்று தடவை. வித்தியாசம் 5க்குள் இருந்தால் வாட்சில் கோளாறு இல்லை. மூன்று தடவையும் 10, 15 என்று விலகினால் படி 2ஐ மறுபடி செய்து, வாட்சை மறு கைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் சென்சார் சரியில்லை. வாரண்டி இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே தப்பாகக் காட்டுகிற வாட்ச் நடக்கும்போது திருந்தாது.

படி 4: நடந்து ஒரு சோதனை

பெரும்பாலான வாட்சுகள் படி 3ல் நல்ல பிள்ளையாகத் தேறி, இங்கேதான் சறுக்கும். காரணம், அது காலடியைத் துடிப்பு என்று நினைத்துக்கொள்கிறது. வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வைப்பார். ஓடுபவருக்கு 160, 170 ஆகும். ஒவ்வொரு அடிக்கும் கை குலுங்கி வெளிச்சமும் ஆடும். அந்தத் தாளம் துடிப்பைவிடத் தெளிவாக இருப்பதால் வாட்ச் அதையே பிடித்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவர் குளத்தங்கரையில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, 126 காட்டுதுப்பா. எனக்கு ஒண்ணுமே செய்யல. ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?"

"மாமா, இப்ப நடந்த மாதிரியே நடங்க. நான் அடியை எண்ணுறேன்."

அரை நிமிடத்தில் 63 அடி. இரண்டால் பெருக்கினால் அதே 126. அவரை நிறுத்தி நாடி பிடித்தேன். 15 விநாடிக்கு 24, அதாவது 96. "அப்ப இது என் காலைத்தான் எண்ணிக்கிட்டு இருந்துச்சா?" என்று வாட்சை முறைத்தார்.

நீங்களும் இதையே செய்யலாம். நம் ஊரில் தரை சமதளம் என்பது வசதி. ஆற்றுக்கரை ஏற்றமும் பாலமும் தவிர மேடு என்று ஒன்று கிடையாது. ஒரே வேகத்தில் பத்து நிமிடம் நடங்கள். வாட்ச் எண்ணையும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். வேகத்தைக் கூட்டியதும் எண்ணும் அந்த நொடியிலேயே எகிறினால் சந்தேகம் உறுதி; இதயம் அப்படித் தாவாது, படிப்படியாகத்தான் ஏறும். பிறகு சட்டென்று நின்று 15 விநாடி நாடி எண்ணுங்கள்.

சரிசெய்ய, வாட்ச் கட்டிய கையை வீசாமல் நெஞ்சோடு சேர்த்து வைத்து ஒரு நிமிடம் நடந்தால் போதும், பெரும்பாலும் சரியான தாளத்துக்குத் திரும்பிவிடும். ஓடப் போகிறவர்கள் புறப்படுமுன் கை அசையாமல் நின்று, எண் நிலையாக வந்த பிறகு ஓட ஆரம்பியுங்கள்.

டூவீலரில் போகும்போதும், சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும்போதும் காட்டும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அதிர்வும் மடங்கிய மணிக்கட்டும் சேர்ந்தால் எந்த வாட்சும் திணறும். டம்பெல் தூக்குவதும் அந்த வகைதான்.

படி 5: படியேறி ஒரு சோதனை

சுவாமிமலைக்குப் போனால் அங்கே 60 படி இருக்கிறது, தமிழ் வருடம் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக. படியேற முடிகிறவர்கள் நிதானமான வேகத்தில் நிற்காமல் ஏறி, மேலே போனதும் வாட்சைப் பாருங்கள். அநேகமாகக் குறைவாகத்தான் காட்டும். கொஞ்ச நேரம் நின்று, மூச்சு அடங்கும்போது எண் உச்சிக்குப் போகும். வாட்ச் கடந்த சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. ஆகவே திடீர் மாற்றத்தை எப்போதும் பின்னால்தான் சொல்லும். இதைக் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடி, கொஞ்ச தூரம் நடந்து பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும் இது உண்மையான தலைவலி.

படி 6: செட்டிங்ஸ்

இங்கே அதிக வேலை இல்லை. எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்பதையும் பிறந்த வருடத்தையும் சரியாகக் கொடுங்கள். நடக்கும் முன் நடைப்பயிற்சி மோடை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் பல வாட்சுகள் சில நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அளக்கும், நீங்கள் பார்ப்பது பழைய எண்ணாக இருக்கும். பேட்டரி சேவர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் என்று வாட்ச் பிரிப்பது பெரும்பாலும் அதிகபட்சத் துடிப்பை வைத்து; அது 220லிருந்து வயதைக் கழித்து வரும் கணக்கு. 60 வயதுக்காரருக்கு 160. 2001ல் டனாகா என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கணக்குப்படி, 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் அவருக்கே 166 வரும். ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே 10, 12 வித்தியாசம் சாதாரணம். சிவப்பு வந்ததற்காக மட்டும் மிரள வேண்டாம்.

எண் அதிகம், ஆனால் வாட்ச் சரி

சித்திரை வெயிலில், கத்திரி நேரத்தில், மார்கழியில் நடந்த அதே தூரத்துக்கு எண் கூடுதலாக வரும். நாடியும் அதையே சொல்லும். உடம்பு சூட்டைத் தணிக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்த்துத் தண்ணீரும் குறைகிறது, இதயம் அதிகம் துடித்துத்தான் ஆக வேண்டும். காய்ச்சல், ரத்தசோகை, தூக்கமின்மையிலும் இப்படித்தான். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாறாக எண் குறைவாகவே நிற்கும்; அதுவும் உண்மைதான்.

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போது நாடியும் வாட்சும் சேர்ந்து 100க்கு மேலேயே நின்றால் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் என்று வந்தால் வாட்ச் 72 காட்டினாலும் 108ஐ அழையுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை அதற்குத் தெரியாது.

வாங்கப் போகிறவர்களுக்கு

நடைக்கும் தூக்கத்துக்கும் மணிக்கட்டு வாட்சே போதும். ஓட்டப் பயிற்சி எடுப்பவர்கள் சில ஆயிரம் ரூபாய் கூடச் செலவழித்து மார்புப் பட்டை வாங்கலாம். அது வெளிச்சத்தை நம்பாமல் இதயத்தின் மின் துடிப்பையே பிடிப்பதால் காலடி ஆட்டத்துக்கு அவ்வளவாக ஏமாறாது. மார்புக்குக் கீழே கட்டி, தோலில் படும் பகுதியைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்திருந்தால் அதுவும் உளறும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். விலை குறைந்த வாட்சுகள் பலவற்றில் மார்புப் பட்டையை இணைக்கும் வசதி இருக்காது, ஆனால் புளூடூத் வழியாகப் போனிலேயே இணைத்துப் பார்க்கலாம்.

புது வாட்ச் வாங்கினால் கடையிலேயே கட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து படி 3ஐ ஒரு தடவையாவது செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பட்டை தனியாக வாங்கக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மூர் வியர்வைக்கு வாட்சுக்கு முன்னால் பட்டைதான் போகும்.