மீடியாவிக்கி வேலை வரிசை தேங்கினால் என்ன செய்வது?

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் விக்கி நடத்துகிறீர்கள். பல பக்கங்களில் செருகப்படும் வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றில் பகுப்பை மாற்றிச் சேமித்தாயிற்று. பகுப்புப் பக்கத்திலோ இன்னும் பழைய பட்டியலே நிற்கிறது. அந்த வார்ப்புருவைப் பயன்படுத்தும் பக்கங்களை எல்லாம் மீடியாவிக்கி அப்போதே புதுப்பிப்பதில்லை. வேலைகளாக வரிசையில் போட்டுவைக்கிறது. அந்த வரிசை நகராததுதான் சிக்கல்.

நிறுவியபடியே விட்டால் யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஒரு வேலை ஓடும். வருகை குறைந்த விக்கியில் வரிசை நாள்கணக்கில் கிடக்கும். கூட்டம் மிகுந்ததில் சர்வர் திணறும். அதனால் விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில், ஒரு பக்கத் திறப்புக்கு எத்தனை வேலை ஓட வேண்டும் என்று சொல்லும் 'ஜாப் ரன் ரேட்' மதிப்பை 0 ஆக்கிவிட்டு, வரிசையில் உள்ள வேலைகளை ஓட்டும் 'ரன்ஜாப்ஸ்' ஸ்கிரிப்டைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சர்வர் வசதி) 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். ஓட்டத்தின் நேர வரம்பான 'மேக்ஸ்டைம்' 280 வினாடி என்று கொடுத்தால் ஓட்டங்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. வெப் சர்வரின் பயனர் கணக்கிலேயே ஓட்டுங்கள். ரூட்டில் (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு) ஓட்டினால் அது உருவாக்கும் கோப்புகளைப் பிறகு வெப் சர்வரால் மாற்ற முடியாமல் போகலாம். மதிப்பை 0 ஆக்கிவிட்டு, சர்வர் மாற்றும்போது கிரானை மறந்தால் ஒரு வேலைகூட ஓடாது. பிழைச்செய்தியும் வராது.

கண்காணிக்க 'ஷோஜாப்ஸ்' ஸ்கிரிப்டை 'குரூப்' தேர்வோடு ஓட்டுங்கள். ஏபிஐ (பிற நிரல்கள் விக்கியிடம் தகவல் கேட்கும் வழி) தரும் புள்ளிவிவரத்தில் வரும் எண்ணிக்கை தோராயமானது, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஷோஜாப்ஸ் வகைவாரியாகக் காத்திருப்பவை, ஓட்டுவதற்கு எடுக்கப்பட்டவை, கைவிடப்பட்டவை எனப் பிரித்துக் காட்டும். காத்திருப்பவை கூடுவதைக் கண்டு பதறாதீர்கள்: பெரிய வேலை ஒன்று ஓடும்போது சிறு வேலைகளாகப் பிரிவதால், ஓட ஓட எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது கைவிடப்பட்டவை.

வரிசை டேட்டாபேஸிலேயே இருந்தால், இயல்பான அமைப்பில், எடுத்த வேலை பாதியில் நின்றுபோனால் 3,600 வினாடி கழித்து மறுபடி முயற்சிக்கப்படும். 3 முயற்சியும் தோற்றால் கைவிடப்படும். ஆகவே எடுக்கப்பட்ட வேலை ஒரு மணி நேரத்துக்குள் நகரவில்லை என்று கைவைக்க வேண்டாம்.

கைவிடப்பட்டவை இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். மீடியாவிக்கியின் பிழைப்பதிவைப் பாருங்கள். ரன்ஜாப்ஸை அந்த ஒரு வகைக்கு மட்டும் கையால் ஓட்டினால், தோற்ற வேலையின் வரியிலும் பிழை தெரியும். கனமான பக்கத்தில் மெமரி தீர்ந்திருக்கலாம். அப்படியானால் மெமரி வரம்பை உயர்த்திவிட்டு, 'மேனேஜ்ஜாப்ஸ்' ஸ்கிரிப்டால் கைவிடப்பட்டவற்றை மீண்டும் வரிசைக்கு அனுப்புங்கள். ஒரு வகை வேலைகளே இனித் தேவையில்லை என்றால், அதே ஸ்கிரிப்டால் வகையைக் குறிப்பிட்டு நீக்கிவிடலாம்.

ஜாப் டேபிளை (வரிசை இருக்கும் டேட்டாபேஸ் அட்டவணை) மொத்தமாகக் காலிசெய்யச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் ஏராளம். அது வரிசையைச் சுத்தமாகக் காட்டும், அவ்வளவுதான். நடந்திருக்க வேண்டிய இணைப்பு, பகுப்புப் புதுப்பிப்புகள் அதோடு போய்விடும். ஏற்கனவே காலிசெய்துவிட்டீர்களா? 'ரெஃப்ரெஷ்லிங்க்ஸ்' பராமரிப்பு ஸ்கிரிப்டை விக்கி முழுவதற்கும் ஓட்டுங்கள். பெரிய விக்கியில் நெடுநேரம் ஆகும், இரவில் தொடங்குவது நல்லது.

வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலைகள் மட்டும் நகரவே இல்லை என்றால் அது பழுதல்ல. இயல்பான ஓட்டத்தில் அவை சேர்வதில்லை. வகையைக் குறிப்பிட்டுத் தனிக் கிரான் போடுங்கள்.