ஐரிஷ் ரீல் கையில் சப்பென்று வருகிறதா? வில்லைக் கொஞ்சம் கவனியுங்கள்

வயலினில் ரீல், அதாவது வேகமான நடன மெட்டு ஒன்றை வாசிக்கிறோம். சுரமெல்லாம் சரியாக விழுகிறது, வேகமும் இருக்கிறது, ஆனால் ரெக்கார்டிங்கில் கேட்டபோது கால் தன்னால் தாளம் போட்டதே, அது மட்டும் நாம் வாசித்தால் நடப்பதில்லை. எனக்கு ஏறக்குறைய எட்டு மாதம் இப்படியே ஓடியது. வில்லை இன்னும் அழுத்தினேன், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) இன்னும் ஏற்றினேன், மிச்சம் கிடைத்தது தோள்வலிதான். அப்புறம் ஒருநாள் ஒரே ரீலை எடுத்து, பார் பாராக, அதாவது தாளத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டமாகப் பிரித்து உட்கார்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயலினில் முதல் பொசிஷன் வரை வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளப்போவது 'ட்ரவுசி மேகி' என்ற ரீல். தந்திகள் ஜி, டி, ஏ, ஈ (மேற்கத்திய சுரப்பெயர்கள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை).

படி 1: முதல் இரண்டு பார்

முதல் பார்: ஈ (நீளமாக), பி, ஈ, மேல் டி, ஈ, பி, ஈ.
இரண்டாம் பார்: ஈ (நீளமாக), பி, ஈ, ஏ, எஃப் ஷார்ப், கீழ் டி, எஃப் ஷார்ப்.

ஆள்காட்டி விரலை டி தந்தி, ஏ தந்தி இரண்டின் மேலும் சேர்த்துப் படுக்க வையுங்கள். ஈயும் பியும் அந்த ஒரே விரலில் கிடைத்துவிடும், எடுக்கவே வேண்டாம். மேல் டி ஏ தந்தியில் மூன்றாம் விரல். வில் பிடித்த கையின் முழங்கையை இரண்டு தந்திக்கும் நடுவான உயரத்தில் நிறுத்திவிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டுங்கள். வில்லின் நடுப்பகுதியில் நாலு விரற்கடை போதும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒன்று. இந்த மெட்டின் சுரங்கள் ஈயை ஷட்ஜமாக வைத்தால் கரஹரப்ரியா. அதை நம்பி நான் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு பழகினேன், பெரிய தப்பு. இரண்டாம் பாரின் பின்பாதியில் மெட்டு ஈயை விட்டு ஒரு படி கீழே இறங்கி டியில் நிற்கிறது, அடுத்த பாரில் மறுபடி ஈக்கு ஏறுகிறது. ஆதாரமே இடம் மாறுகிற இந்த ஆட்டம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஏகப்பட்ட மெட்டுகளில் உண்டு, பாதி வேகம் அதிலிருந்துதான் வருகிறது. பின்னால் ஒரே ஷட்ஜம் ஒலித்துக்கொண்டிருந்தால் அந்த இறக்கம் காதில் விழவே விழாது. பெட்டியை அணைத்துவிடுங்கள்.

படி 2: மேல்வில் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

ஒரு பாரில் எட்டுத் துணுக்குகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீளமான ஈ ஒன்றும் இரண்டும், பி மூன்று, இப்படியே போனால் ஏழாவதும் பி. காலை ஒன்றிலும் ஐந்திலும் தட்டுங்கள். தூக்கல், அதாவது எடுப்பாகக் கேட்கவேண்டிய அடி, விழவேண்டியது மூன்றிலும் ஏழிலும், அதாவது கால் மேலே இருக்கும்போது.

இப்போது வில்லின் திசையைப் பாருங்கள். சுரத்துக்கு ஒரு வீச்சாக, நீளமான ஈயைக் கீழ்வில்லில் (பிடியிலிருந்து நுனிவரை இழுப்பது) தொடங்கினால் முதல் பாரின் இரண்டு பியும் மேல்வில்லில் (நுனியிலிருந்து பிடிப்பக்கம் தள்ளுவது) வருகின்றன. மேல்வில்லில் கைக்கு இயல்பாகவே பலம் குறைவு. என் கை கீழ்வில்லில் வந்த ஈயையெல்லாம் போட்டு அமுக்கியது, பி நோஞ்சானாக வந்தது. ரெக்கார்ட் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது, நான் வாசித்தது முழுக்கத் தலைகீழ். ஸ்காட்லாந்தில் டன்கெல்டுக்குப் பக்கத்து இன்வரில் வாழ்ந்த வயலின் கலைஞர் நீல் கவ் (1727–1807) பேர் வாங்கியதே மேல்வில்லின் பலத்துக்காகத்தான் என்று பிறகு படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சரி, மருந்து என்ன? இரண்டு நாள் மெட்டைத் தொடாதீர்கள். வெறும் ஏ தந்தியில் கீழ், மேல், கீழ், மேல். மேல்வில்லில் அழுத்தத்தைக் கூட்டாமல் வில்லின் வேகத்தை மட்டும் கூட்டுங்கள், கீழ்வில்லில் பாதி வில்தான். பிறகு மெட்டுக்கு வந்து, நடுவில் திரும்பத் திரும்ப வருகிற குட்டி ஈக்களைக் கிட்டத்தட்ட கேட்காத அளவுக்கு வாசியுங்கள். அவை அடங்கினால்தான் பி எழும். இரண்டாம் பாரில் திசை மாறி, மூன்றும் ஏழும் கீழ்வில்லில் வரும். அங்கே கை மகிழ்ந்துபோய் அதிகமாக இடிக்கும், பிடித்துவையுங்கள்.

மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்த 'டிக்'கை மூன்றாகவும் ஏழாகவும் எண்ணி வாசியுங்கள். முதல் நாள் தலை சுற்றும். 80-க்கு மேல் போக அவசரப்படாதீர்கள்.

படி 3: ட்ரெபிள்

நீளமான ஈயை ஒரே விரலில் மூன்று குறுவில்லாக உடைப்பதுதான் ட்ரெபிள், ஸ்காட்லாந்தில் பர்ல். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் வில்கூட வேண்டாம். சுரம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று நினைக்காதீர்கள், இது ஒரு கரகரப்பான தட்டல். வில்லைப் பிடித்த விரல்களை அந்த நொடி மட்டும் இறுக்கி உடனே விடுங்கள். அயர்லாந்தின் டொனேகல் பகுதி வாசிப்பில் இது நிறைய வரும், அந்த ஊர் வயலின் கலைஞர் ஜான் டொஹர்ட்டியைக் கேளுங்கள். விரல் அலங்காரமும் இழைத்த வில்லும் பிடிக்குமென்றால் இன்னொரு ஐரிஷ் பகுதியான ஸ்லைகோவின் மைக்கேல் கோல்மன், 1920களில் நியூயார்க்கில் பதிவானவை. நான் டொனேகல் கட்சி.

'கட்' என்ற விரல் அலங்காரம் மேல் விரலால் தந்தியை ஒரு சுண்டு சுண்டிவிட்டு எடுப்பது, அவ்வளவுதான். நம் கை அதைக் கமகமாக்கப் பார்க்கும், விடாதீர்கள்.

படி 4: பக்கத்துத் தந்தி

இரண்டாம் பாரில் கீழ் டி வருமிடத்தில் ஏ தந்தியையும் லேசாக உரசிவிட்டுப் போங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை போதும். எல்லா இடத்திலும் செய்தால் இரைச்சல்.

கருவிகள்: மெதுவாக்கிக் கேட்க ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், 'சேஞ்ச் டெம்போ' என்பதை எடுங்கள், 'சேஞ்ச் ஸ்பீடு' எடுத்தால் சுருதியும் இறங்கிவிடும். தந்தியில் என் ஓட்டு ஸ்டீலுக்கு, வில்லுக்கு உடனே பேசும்.

பின்சேர்க்கை: கர்நாடக முறைப்படி சா-பா-சா-பா சுருதியில் இருந்த வயலினை அப்படியே ஜி-டி-ஏ-ஈக்கு ஏற்றப்போய் மெல்லிய தந்தி அறுந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழைய தந்தி என்றால் புது செட் போடுங்கள். பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணி) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், ஏற்ற ஏற்றக் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) விரற்பலகைப் பக்கம் சாயும், நடுநடுவே நிமிர்த்துங்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாமா என்றும் கேட்டார்கள். வாசிக்கலாம், ஆனால் கால் தட்ட முடியாது. நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இதே கணக்கை ஸ்ட்ராத்ஸ்பேயில் போட்டுப் பார்த்து ஒருவர் நொந்துபோயிருக்கிறார். அது ரீலைவிட மெதுவான ஸ்காட்லாந்து நடன மெட்டு, கணக்கே வேறு. 'டக்-காஆ' என்று முதலில் குட்டிச் சுரம், ஒட்டிக்கொண்டே நீண்ட சுரம், அடி விழுவது குட்டியில். வாயால் 'டக்-காஆ, டக்-காஆ' என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு வில்லை எடுங்கள்.