யானைமலையில் டைனோசர் தேடாதீர்கள்

ஒத்தக்கடையிலிருந்து யானைமலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பாறையில் வெளிறியும் கறுத்தும் வரிகள் ஓடும். “அடுக்கு அடுக்கா இருக்கு, உள்ளே எலும்பு இருக்கும்” என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள். அந்த வரிகள் ஆற்றுவண்டல் படிந்து வந்தவை அல்ல. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து வரிசை கட்டியவை. நைஸ் பாறை என்பார்கள். இந்த வட்டாரப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. டைனோசர் வந்ததோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பேரன் பிறக்குமுன்னே பூட்டிய வீட்டில் அவன் செருப்பைத் தேடுகிற கதை இது.

“இன்னும் ஆழமாகத் தோண்டினால்?” கீழடியைப் பார்த்த பிறகு பலரும் கேட்பது. கீழடிக் குழிகளில் வருவது ஏறத்தாழ 2,600 ஆண்டுக் கதை. எலும்புகள் மாடு, ஆடு. மதுரையில் மண்ணைத் தாண்டினால் நேராகப் பழம்பாறைதான். சிவகங்கைப் பக்கம் கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டக் காலத்து வண்டல் உண்டு. அதில் பேர்போனவை இலைத் தடங்கள்.

உருண்டைக் கல் எல்லாம் முட்டையும் அல்ல. நம்மூர்ப் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயம் போலத் தோலுரிந்து தானே உருளும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த ‘டைனோசர் முட்டை’களும் அம்மோனைட் என்ற, சுருள் ஓடுடைய பழங்காலக் கடல் உயிரி சார்ந்த படிவுகள்தான். அரியலூர்ப் பக்கம் நிஜ டைனோசர் எலும்பு உண்டு, ஆனால் அது கிரெட்டேசியஸ் என்ற, டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்தின் கடைசிப் பகுதி. டைனோசர்களின் முதல் தலைமுறை அல்ல.

கார்பன் சோதனையில் வயது தெரியும் என்பார்கள். அது 50,000 ஆண்டுகளோடு கைவிரித்துவிடும். அர்ஜென்டினாவின் இஸ்சிகுவாலாஸ்டோவில் ஹெரெராசாரஸ், இயோராப்டர் என்ற ஆதி டைனோசர்கள் இரண்டின் வயதும் அந்தப் படிவுகளுக்கு இடையே கிடந்த எரிமலைச் சாம்பலை அளந்து கண்டது. எலும்பைவிட அது கிடந்த அடுக்குதான் சாட்சி.

அதனால் அடுக்கைக் குறிக்காமல், படம் எடுக்காமல் எலும்பைப் பிடுங்கக் கூடாது. பல விலங்குகள் சேர்ந்து கிடக்கும் இடத்தில் கவனமாக இருப்பவர்களுக்கே சறுக்கும். தெலங்கானாவின் மலேரிச் செம்மண் படிவில் கிடைத்து 1987இல் விவரிக்கப்பட்ட ஆல்வாக்கேரியா நம் நாட்டின் மிகப் பழைய டைனோசர்களில் ஒன்று. அதன் தொடை, கணுக்கால் எலும்புகள் டைனோசருடையவை. கூடவே சேர்த்த சில எலும்புகள் வேறு பிராணிகளுடையவை என்று ஆய்வாளர்கள் பின்னால் பிரித்து வைத்தார்கள்.