ரீஜென்சி காதல் கதையில் சிரிப்பைக் கெடுக்கும் தவறுகள்

பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநிலை குன்றியதால் 1811 பிப்ரவரியில் அவர் மகன் ரீஜென்டாக, அதாவது மன்னருக்குப் பதிலாக ஆட்சியை நடத்துபவராகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்கும்வரை நீண்ட அந்த ஒன்பது ஆண்டுகள்தான் ரீஜென்சி காலம். பலர் இதை விக்டோரியா காலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். ரீஜென்சி கதாநாயகி விக்டோரியா காலத்து ரயிலில் வந்து இறங்கினால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்த தவறு, சிரிப்புக்காக இன்றைய கிண்டல் வசனங்களை அன்றைய வாயில் திணிப்பது. இந்த வகைக் கதையில் சிரிப்பு பிறப்பதே அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளில்தான். கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கட்டினார். தூரம் கூடினாலும் தாள் கூடினாலும் கட்டணம் ஏறும். அதனால் ஒரே தாளில் எழுதி முடித்துவிட்டு, தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். வாய் ஓயாத அத்தை ஒருத்தி நான்கு தாள் நிறைய ஊர்வம்பு எழுதி அனுப்ப, கஞ்ச மாமா வாசலில் நின்று காசை எண்ணுகிறார். தோழியின் கடிதத்தில் குறுக்கே ஓடும் வரிகளுக்குள் 'வருகிறார்' என்பதைக் கதாநாயகி 'வரவில்லை' என்று படித்துவிடுகிறாள். ஓர் அத்தியாயமே கிடைத்துவிட்டது! ஆனால் காதலர்களே இஷ்டத்துக்குக் கடிதம் போட்டுக்கொள்வதாக எழுதாதீர்கள். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்று பெரிய அவப்பெயர்.

ஓடிப்போகும் காட்சியும் அப்படித்தான். 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் எதிர்த்தால் இங்கிலாந்தில் கல்யாணம் செய்ய முடியாது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், அதுவும் குதிரை வண்டியில். ஒரே இரவில் போய்ச் சேர்ந்துவிடுவதாக எழுதினால், வழி நெடுகக் குதிரை மாற்றும் செலவு, சேறு, பசி, முதல் சண்டை எல்லாமே கைவிட்டுப் போகும்.

பட்டங்களில் கவனம் வேண்டும். ஹென்றி கார்ட்டர் என்பவருக்கு 'சர்' பட்டம் இருந்தால் அவர் 'சர் ஹென்றி'தான், 'சர் கார்ட்டர்' இல்லை. அவர் மனைவி 'லேடி கார்ட்டர்'.

மகள்களுக்கு வரன் தேடி அலையும் அம்மாவை வெறும் கோமாளியாக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. சொத்து ஆண் வாரிசுக்கே என்று கட்டிவைத்த குடும்பத்தில், அப்பா கண்ணை மூடியதும் அந்தப் பெண்கள் வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கலாம். அவளைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அவளுடைய பயமும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

அப்புறம், தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு விஷயம். ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைப்பதில்தான் நெருக்கம் தெரியும். நமக்கு 'நீங்கள்', 'நீ' இருக்கிறது. நூறு பக்கம் 'நீங்கள்' என்று மரியாதையாகச் சண்டை போட்டவன், நடனக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாய் தவறி 'நீ' என்கிறான். அவள் விசிறி பாதியில் நிற்கிறது. அந்த 'நீ'யை ஏழாம் பக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.