மூட்டுத் தளர்ச்சி உள்ளவர்களுக்கான பிசியோதெரபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சைக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவரை நேராக நிற்கச் சொன்னேன். நின்றார். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது அவருடைய இரு முழங்கால்களும் நேர்கோட்டைத் தாண்டி, பின்பக்கமாக வில்லைப் போல வளைந்திருந்தன. கையை முட்டிக்குப் பின்னால் வைத்து அந்த வளைவை எடுத்துவிட்டு, கால் உண்மையாகவே நேராகும் இடத்தில் நிறுத்தியதும், “முட்டி மடங்கி இருக்கிற மாதிரி இருக்கு மேடம்” என்றார். கண்ணாடியில் காட்டிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மூட்டுகள் இயல்பைவிட அதிகமாக வளையும் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. பேச்சுவழக்கில் நாம் ஜவ்வு என்று சொல்லும் தசைநார்கள், இணைப்புத் திசுவின் தன்மையால் இளகிக் கொடுக்கின்றன. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குப் போகும் உணர்வும் மங்கலாக இருக்கிறது. ஜவ்வு செய்ய வேண்டிய காவல் வேலையைத் தசைகள் நாள் முழுவதும் செய்ய நேர்வதால் அவை களைத்து, இறுகி, வலிக்கின்றன. இவர்களுக்கான பயிற்சி, மூட்டை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதைவிட, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்பிப்பதாக இருக்க வேண்டும். பிசியோதெரபியில் நான் காணும் பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

அவற்றில் முதன்மையானது, நீட்டல் பயிற்சி. தொடையின் பின்புறம் நரம்பு இழுத்துப் பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னவுடன், காலை நீட்டிக் குனிந்து பாதத்தைத் தொடும்படி சொல்லிவிடுகிறோம். விறைப்பான உடம்புக்கு அது பொருந்தும். உள்ளங்கையைத் தரையில் முழுவதுமாகப் பதிக்க முடிந்தவருக்கும் அதையே தருவதில் பொருள் இல்லை, ஏனென்றால் அவருடைய இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்த மூட்டைப் பாதுகாக்கத் தசை போட்டுக்கொண்டிருக்கும் கட்டு. அந்தக் கட்டை இழுத்துத் தளர்த்தினால் சில மணி நேரம் சுகமாக இருக்கும், அதன் பிறகு மூட்டின் பாரம் ஜவ்வின் மேல் விழ, தசை முன்னைவிட இறுகிக்கொள்ளும். நோயாளியும் பலன் இருக்கிறது என்று நம்பி, நாளுக்கு இருமுறை செய்ததை நான்கு முறையாக்கிக்கொள்வார். உண்மையாகவே குறுகிப்போன தசை ஒன்றிரண்டு இவர்களுக்கும் இருக்கலாம், கெண்டைக்கால் தசை அதற்கு எடுத்துக்காட்டு. அதைத் தனியே சோதித்து, பக்கத்து மூட்டை நிலைப்படுத்திய பிறகே நீட்ட வேண்டும்.

யோகா வகுப்புகளில் இதே தவறு பாராட்டுடன் நிகழ்கிறது. ரப்பர் உடம்பு என்று சொல்லி, ஆசனத்தைச் செய்துகாட்ட முன்வரிசையில் நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் இவர்தான். பரதநாட்டியத்தில் நாட்டியாரம்ப நிலையில் கைகளைத் தோள் உயரத்தில் நீட்டும்போது, இவர்களுடைய முழங்கை பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொள்ளும். விரல்களை ஒட்டி நீட்டும் பதாக முத்திரையைப் பிடித்தால் விரல்கள் பின்புறமாக வளையும். யோகாவையோ நடனத்தையோ விடச் சொல்வது என் நோக்கமன்று. எல்லை வரை போகாமல் அதற்குச் சற்று முன்பே நின்று, அந்த இடத்தில் தசையால் பிடித்துக்கொள்ளப் பழகினால் இரண்டுமே நல்ல பயிற்சிகள்தாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் தேவை, இல்லாவிட்டால் அவர் முதுகில் கை வைத்து இன்னும் கொஞ்சம் என்று அழுத்திவிடுவார்.

பயிற்சி சரியாக இருந்தும் அதைச் செய்யும் நிலை தவறாகப் போவது உண்டு. முழங்கால் வலிக்குத் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சியைத் தெரியாதவர்கள் குறைவு. துண்டு முட்டிக்கு அடியில் இருந்தால், அழுத்தும்போது முட்டியின் பின்புறத்தை அது தாங்கிக்கொள்ளும். அதே துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முட்டியைக் கீழே அழுத்தச் சொன்னால், தளர்ந்த முழங்கால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின்பக்கமாக வளைந்து கொடுக்கும். நாளுக்கு முப்பது முறை செய்தால், ஜவ்வை முப்பது முறை இழுத்ததாகும். ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தளர்ச்சியும் முழங்கால் வலியும் உள்ள 26 சிறுவர் சிறுமியரிடம் நடத்தி 2013-இல் வெளியான சிறு ஆய்வில், நேர்கோடு வரை மட்டும் பயிற்சி செய்த குழுவிலும், கட்டுப்பாட்டோடு முழு வீச்சு வரை செய்த குழுவிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. ஆகவே, நேர்கோட்டைத் தாண்டுவதையே குற்றமாக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடு இல்லாமல் அங்கே போய்ப் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் தவறு ஒன்றும் உண்டு. மூட்டு தளர்ந்திருக்கிறது, எடை தூக்காதீர்கள், ஓய்வெடுங்கள் என்று பயமுறுத்தி அனுப்புவது. தசைதான் இவர்களுக்குக் காவல் என்கிறபோது, அந்தத் தசையையே மெலிய விடுவது எப்படிச் சிகிச்சையாகும்? டென்மார்க்கில் தளர்ந்த தோள்மூட்டு உள்ள 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அதிக எடையோடும் மற்றதற்குக் குறைந்த எடையோடும் 16 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவில், தோளின் அன்றாடப் பயன்பாடு அதிக எடை தூக்கியவர்களுக்கே கூடுதலாக மேம்பட்டிருந்தது. தசைவலி, தலைவலி போன்ற சிறு தொல்லைகளும் அவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தன. படிப்படியாக ஏற்றியதால் அது சாத்தியமாயிற்று. வீட்டுக்குப் போனதும் பத்துக் கிலோவைத் தூக்கிப் பார்க்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. வலி குறைந்த நாளில் ஒட்டடை அடித்து, பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கி, விட்டுப்போன பயிற்சிகளையும் சேர்த்துச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது இவர்களிடம் மிகச் சாதாரணம். பயிற்சி செய்த மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிட வேண்டாம். நல்ல நாளிலும் குறித்த எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் தெரியும் மாற்றம் இவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கலாம். இதை முதல் நாளே சொல்லாமல், பத்துநாள் கரண்ட் வைத்தால் சரியாகிவிடும் என்று அனுப்புவதால்தான் நோயாளி மூன்றாவது வாரத்தில் வேறு இடம் தேடிப் போகிறார்.

அப்படித் தேடிப் போகும் இடங்களில் ஆபத்தும் உண்டு. தோள்பட்டை இறங்கிவிட்டது என்றால் வீட்டிலேயே ஒருவர் கையைப் பிடித்து இழுப்பது, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து வேகமாக உருவி விடுவது, முடி வெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது ஆகிய எல்லாமே தளர்ந்த மூட்டுக்குக் கேடு. கழுத்தில் கட்டாயம் கூடாது. பிசியோதெரபிஸ்டுகளிலும் சிலர் முதுகெலும்பைச் சட்டென்று திருகிச் சத்தம் வரவைப்பதைத் திறமையாகக் கருதுகிறார்கள். ஏற்கெனவே அதிகமாக அசையும் மூட்டை மேலும் அசைத்து விடுவதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. நோயாளியே தன் விரல்களையும் இடுப்பையும் நெட்டி முறித்துக்கொண்டே இருப்பதையும் மெல்லக் குறைக்க வேண்டும்.

நோயறிதலிலும் மூன்று தவறுகள் உள்ளன. பெய்டன் மதிப்பெண் என்னும் ஒன்பது புள்ளிச் சோதனையில் இரு சுண்டுவிரல்கள், இரு கட்டைவிரல்கள், இரு முழங்கைகள், இரு முழங்கால்கள், குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தல் ஆகியவை மட்டும் கணக்கில் வரும். தோள், இடுப்பு மூட்டு, கணுக்கால், தாடை அதில் இல்லை. எனவே குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒன்றுமில்லை என்று அனுப்புவது தவறு. அதுபோலவே, உடம்பு வளைகிறது என்பதற்காகவே வலியில்லாத ஒருவரை நோயாளியாக்குவதும் தவறு. இன்னொன்று, எல்லாத் தளர்ச்சியையும் ஒரே நோயாக எண்ணுவது. இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுவழிக் கோளாறுகளான ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதியை 2017-ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாடு 13 வகைகளாகப் பிரித்தது. பரவலாகக் காணப்படும் மிகை நெகிழ்வு வகையை உறுதிப்படுத்த இன்றும் மரபணுச் சோதனை இல்லை. ஆனால் இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகையிலும், இணைப்புத் திசுவைத் தாக்கும் வேறொரு மரபுவழி நோயான மார்ஃபானிலும் பெருந்தமனி விரிந்து கிழியக்கூடும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், கண்வில்லை விலகல், காரணமின்றிப் பெரிது பெரிதாக இரத்தம் கன்றிப்போதல் போன்றவை இருந்தால், மூச்சை அடக்கி எடை தூக்கும் எந்தப் பயிற்சிக்கும் முன்பு இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ எடுக்க வேண்டும்.

நின்றவுடன் தலைசுற்றுகிறது, படபடக்கிறது என்று இவர்கள் சொல்வதைப் பயம் என்று தள்ளிவிடுவதையும் அடிக்கடி காண்கிறேன். படுத்திருந்தபோது இருந்த நாடித்துடிப்பையும், எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் உள்ள துடிப்பையும் எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தம் விழாமலே பெரியவர்களுக்குத் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேலும், வளரிளம் பருவத்தினருக்கு 40-க்கு மேலும் கூடினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அத்தகையோருக்கு முதல் சில வாரங்கள் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சிகளே போதும். காலையில் வெறும் வயிற்றில் நின்றபடி பயிற்சி செய்யச் சொன்னால் மயங்கி விழக்கூடும்.

பட்டை, பெல்ட் விஷயத்தில் கருத்து வேறுபாடு நிறைய. நாள் முழுவதும் முழங்கால் பெல்ட் போட்டுக்கொண்டே இருப்பது தசையைச் சோம்பேறியாக்கும் என்பது என் எண்ணம்; கூட்டமான பேருந்தில் போகும்போதும் நெடுந்தூரம் நடக்கும்போதும் போட்டுக்கொள்வதில் தவறில்லை. எழுதும்போது விரல் பின்னோக்கி மடங்கும் குழந்தைக்கு மோதிரம் போன்ற சிறு பிடிப்பான் பெரிய உதவி. தோலில் ஒட்டும் டேப்பை இவர்களுக்குச் சட்டென்று உரித்தால் தோலும் சேர்ந்து வரக்கூடும். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெல்ல எடுக்க வேண்டும்.

பயிற்சி அரை மணி நேரம்தான், மீதி நேரத்தை மூட்டுகள் வேறெங்கோ கழிக்கின்றன. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, முட்டியைப் பூட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பவர் அந்த நேரம் முழுவதும் ஜவ்வில் தொங்கிக்கொண்டிருக்கிறார். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்கும்போது ஓட்டுநர் பிரேக் அடித்தால் உடம்பின் பாரம் முழுவதும் தூக்கிய தோளில் இறங்கும். தோள் நழுவிய அனுபவம் உள்ளவர்கள் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள செங்குத்துக் கம்பியை மார்பு உயரத்தில், முழங்கையைச் சற்று மடக்கிப் பிடித்து, முட்டிகளைப் பூட்டாமல், கால்களை அகட்டி நிற்க வேண்டும்.