கோர் எலக்ட்ரான், வேலன்ஸ் எலக்ட்ரான்: அயனி வந்தாலும் தப்பாம எண்ணுறது எப்படி

அணுவுக்குள்ள இறுக்கமா இருக்கற எலக்ட்ரான் கோர், வெளிய இருந்து வேதிவினையில பங்கெடுக்கறது வேலன்ஸ். எங்கிட்ட ட்யூஷன் வர்ற பசங்க சோடியம், குளோரின் எல்லாம் டக்குனு போட்டுடுவாங்க, இரும்பு 2 ப்ளஸ்னு, அதாவது ரெண்டு எலக்ட்ரான் இழந்த அயனிய கேட்டா மட்டும் அணு எண் 26-ல ரெண்ட கழிச்சு 24, அப்போ குரோமியம் மாதிரியே எழுதிடலாம்னு கிளம்பிடுவாங்க, அங்கதான் மார்க் போகுது.

அதனால அயனிய நேரா எழுதவே எழுதாதீங்க. முதல்ல சார்ஜ மறந்துட்டு முழு அணுவ எழுதுங்க. இரும்புக்கு முன்னாடி வர்ற மந்த வாயு ஆர்கான், அதோட 18 அப்படியே கோர். மிச்சம் 8: 4எஸ்-ல 2, 3டி-ல 6 (முன்னாடி இருக்கற நம்பர் கூடு, எழுத்து அதுக்குள்ள இருக்கற துணைக்கூடு). இது இடைநிலை உலோகம், டி இன்னும் முழுசா நிரம்பல, அதனால இந்த எட்டுமே வேலன்ஸ்தான்.

இப்போ ரெண்ட எடுக்கணும். கடைசியா நிரப்புனது 3டி-ன்னு அதுல கை வைக்கக்கூடாது, கூடு நம்பர் எது பெருசோ அதுல இருந்துதான் போகும், அதாவது 4எஸ் காலி. 3டி-ல 6 நிக்குது, கோர் 18, வேலன்ஸ் 6. 3 ப்ளஸ்னா டி-ல 5. குரோமியம் அணுலயும் 24 தான், ஆனா அதுல 3டி-ல 5, 4எஸ்-ல 1. எண்ணிக்கை ஒண்ணு, அமைப்பு வேற.

கோர ஏன் தொட முடியாதுன்னு சோடியத்துல பாருங்க. வெளிய இருக்கற ஒத்த எலக்ட்ரான எடுக்க மோலுக்கு சுமார் 496 கிலோஜூல் போதும், அடுத்தது கோர்ல இருந்து வரணும், அதுக்கு சுமார் 4562! ஒம்போது மடங்கு. எனக்கு இந்த ரெண்டு நம்பர பார்த்தப்பதான் கோர்னா என்னன்னே உறைச்சுது. சோடியம் ப்ளஸ்ல வேலன்ஸ் 0, மிச்ச 10-ம் கோர்.

புரோமின்ல இன்னொரு குழி இருக்கு. ஆர்கானோட 18, 3டி-ல 10, 4எஸ்-ல 2, 4பி-ல 5. முழுசா நிரம்புன அந்த டி 10-ஐயும் கோர்ல சேர்த்துடணும், 17ன்னு எழுதாதீங்க, வேலன்ஸ் 7, கோர் 28. மைனஸ் அயனின்னா வர்ற எலக்ட்ரான் வேலன்ஸ்லதான் சேரும், 8 ஆகும்.

முடிச்சதும் ரெண்டையும் கூட்டுங்க, அணு எண்ல இருந்து ப்ளஸ் சார்ஜ கழிச்சது, இல்ல மைனஸ் சார்ஜ கூட்டுனது வரணும்: புரோமின் மைனஸ்ல 28, 8, மொத்தம் 36, அணு எண் 35-ஓட 1 கூட்டுனாலும் அதான், சரி.

வெள்ளீயம் 2 ப்ளஸ் போட்டுப் பாருங்க, அணு எண் 50. ஒரே கூட்டுல எஸ்-ஸும் பி-யும் இருந்தா பி முதல்ல போகும். கோர் 46, வேலன்ஸ் 2 வந்தா பிடிச்சுட்டீங்க.